கண்டக்டரிடம் கொடுத்துவைத்த எலுமிச்சம்பழம்

என் சட்டைப் பையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கிறது. குனிந்து எழுதும்போது அது நெஞ்சில் கட்டி போல அழுத்துகிறது. ஆனாலும் எடுத்து மேசை மேல் வைக்க மனம் வரவில்லை. பழம் என்னுடையதல்ல. இன்னொருவரிடம் சேர்க்கச் சொல்லி என்னிடம் தரப்பட்டது. எங்கள் சிங்காநல்லூர் வீதி முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவருக்கு இதனால் என் மேல் தீராத மனக்குறை. "ஏனுங்ண்ணா, நீங்க பேய் ஓட்டப் போறீங்களா, ஊறுகாய் போடப் போறீங்களா, ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடுங்க. எல்லாச் சட்டையிலயும் ஒரே எடத்துல கறை. பொட்டிய வெச்சா கல்யாண ஊட்டுச் சமையக்கட்டாட்ட வாசம் வருது" என்றார் போன வாரம். ஒருத்தருக்குக் கொடுக்க வேண்டியது, அவர் வரட்டும் என்று வைத்திருக்கிறேன் என்றேன். "எப்ப வருவாருங்க?" என்று கேட்டார். "வண்டி லேட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டைகளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். ஆழியாறு தாண்டியதும் மலை தொடங்கும். அதன்பின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். இதில் ஒரு சிக்கல். மலை ஏறினால் எனக்கு ஆகாது. வயிறு புரண்டுகொண்டு வரும். நீச்சல் தெரியாத பரிசல்காரன் மாதிரி என் பிழைப்பு. வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது: வாயை மூடினால் வயிறு மேலே வருகிறது, பேசிக்கொண்டே இருந்தால் அது பாட்டுக்குக் கிடக்கிறது. அதனால் பேசினேன். "ஒம்பதாவது வளைவு வருதுங்க, வாந்தி எடுக்கறவங்க சன்னலோரம் வந்துருங்க, அவங்களுக்குப் பின்னாடி சன்னல்ல இருக்கறவங்க தலைய உள்ள இழுத்துக்குங்க, அப்புறம் மழைன்னு நெனச்சுப்போடாதீங்க" என்று ஆரம்பித்தால் அட்டகட்டி வரைக்கும் நிறுத்த மாட்டேன். எஸ்டேட் ஜனங்கள் அடுத்த பஸ்ஸை விட்டுவிட்டு என் பஸ்ஸுக்கு நின்றார்கள். சிரிப்புக் கண்டக்டர் என்று பெயர் வந்தது. சட்டைப் பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருப்பேன். பயணிகளுக்காக என்று சொல்லிக்கொள்வேன். திரும்பி நின்று டிக்கெட் கிழிக்கிற சாக்கில் முகர்ந்துகொள்வது நான்தான். இதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து வண்டி ஓட்டிய டிரைவர் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. டீச்சரிடமும் சொன்னதில்லை.

டீச்சர் என்பது என் மனைவி. கல்யாணத்துக்கு முன்பும் டீச்சர்தான், பின்பும் டீச்சர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகவே இல்லை. சோமனூரில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள். மலை மேல் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை மத்தியான வண்டியில் திரும்புவாள். முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒன்பதாவது வளைவில் வாந்தி எடுத்தாள். சன்னல் பக்கம் திரும்புவதற்குள் வந்துவிட்டது. எதிரில் நின்ற என் தோல்பை வாயைத் திறந்து வைத்திருந்தது. கச்சிதமாக அதற்குள்தான் எடுத்தாள். வண்டியே என்னைப் பார்த்தது. நான், "டீச்சருங்க, உங்களுக்குத்தான் டிக்கெட் போட்டேன். மத்தியானச் சோத்துக்குத் தனியா லக்கேஜ் டிக்கெட் வாங்கோணுமுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தேன். அன்று மீதி முப்பத்தொரு வளைவையும் பழம் இல்லாமல் நான் ஏறியது எப்படி என்பது எனக்கும் மலைக்கும்தான் தெரியும். அடுத்த வாரத்திலிருந்து இரண்டு பழங்கள் வாங்கினேன். ஊர் உலகத்தில் காதல் எங்கெங்கோ தொடங்கியிருக்கிறது, வாந்தியில் தொடங்கியது எங்களுடையது ஒன்றுதான் என்று பிற்பாடு பல கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். டீச்சரும் சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் வேறு எங்கோ பார்ப்பாள். நான் அதற்குள் அடுத்த கதைக்குப் போயிருப்பேன்.

ஒரு மழைநாளில் கவர்க்கல் பக்கம் மரம் விழுந்து வழி அடைத்துவிட்டது. டிரைவர் அண்ணன் இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேல் தலை வைத்துப் படுத்துக்கொண்டார். வெளியே பனிமூட்டம், உள்ளே யாரோ பிரித்த வேர்க்கடலை வாசம். பழத்துக்கு அப்போது வேலை இல்லை. டீச்சர் மூன்றாவது சீட்டில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் விசிலை எடுத்து ஊதி, வளைவு அறிவிக்கிற குரலிலேயே, "பயணிகள் கவனத்துக்குங்க, டீச்சரைக் கட்டிக்க ஆசப்படற கண்டக்டருங்க யாராச்சும் இருந்தா முன்பக்க வாசல் வழியா ஏறிக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு, நானே பின்வாசலில் இறங்கி முன்வாசலில் ஏறினேன். சிரிப்பில் வண்டியே குலுங்கியது. கொழுந்து பறிக்கிற அம்மா ஒருவர் சிரித்துச் சிரித்து இருமினார். டீச்சர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மரத்தை அகற்றி வண்டி கிளம்பிய பிறகு, அவள் இறங்கும் இடத்தில் மட்டும், படிக்கட்டில் ஒரு கால் வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்: "நெசமாங்களா?" நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அன்று சொன்னது, "விசில் அடிச்சா வண்டி நின்னுதான ஆகோணுமுங்க". சொல்லிவிட்டு விசிலும் அடித்தேன். டிரைவர் அண்ணன் அது புறப்படும் விசில் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டார்.

இரண்டு வீட்டாரும் கொஞ்ச காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு திருப்பிய கழுத்து வலித்துச் சம்மதித்தார்கள். கல்யாணம் ஆனது. எங்கள் பக்கத்தில் மரியாதைக்குப் பஞ்சமே கிடையாது. நாயைத் துரத்துவதென்றாலும் 'அக்கட்டால போங்க' என்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவது உண்டு. டீச்சரும் நாலு பேர் முன்னால் என்னை 'ஏனுங்க', 'வாங்க', 'சாப்புடுங்க' என்றுதான் கூப்பிடுவாள். கதவைச் சாத்திவிட்டால் அந்த 'ங்க' கழன்றுவிடும். "ஏண்டா கண்டக்டரு, லைட்ட யாரு உங்கொப்பனா வந்து அணைப்பான்?" ஒரு தடவை என் அம்மா இதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தார். எனக்கோ அந்த 'டா'வைக் கேட்கத்தான் சீக்கிரம் டூட்டி முடியாதா என்று இருக்கும். ஊரே 'ங்க' போட்டுப் பேசும்போது ஒருத்தி மட்டும் போடாமல் பேசுவது எவ்வளவு பெரிய சொத்து என்பதை எங்கள் ஊரில் பிறந்தவன்தான் அறிவான்.

அவளும் தலைமை ஆசிரியையாகி ஓய்வு பெற்று, நாங்கள் கோவைக்கு வந்து சில வருஷம் கழித்து, அந்த 'ங்க' கதவைத் தாண்டி உள்ளே வந்தது. "காப்பி குடிக்கறீங்களா?" என்று கேட்டாள், சமையலறையில், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது. நான் திரும்பிப் பார்த்தேன், விருந்தாளி யாராவது வந்துவிட்டார்களோ என்று. யாரும் இல்லை. அடுத்த நாளும் 'ங்க'. அதற்கடுத்த நாளும். எனக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில், ஓய்வு பெற்று எங்கள் பக்கமே குடிவந்திருந்த டிரைவர் அண்ணனிடம் பெருமை அடித்துக்கொண்டேன்: "அண்ணா, கடைசில நமக்கும் மருவாதி வந்துருச்சுங்ணா. ஊட்டுக்குள்ளயே 'ங்க' போடறா." அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "என்ற ஊட்டுல அதுக்கு அர்த்தம் சண்டைன்னு. நீ என்ன செஞ்சுபோட்டேன்னு யோசிச்சுப் பாரு" என்றார். யோசித்துப் பார்த்தேன். செய்ததாக ஒன்றும் தோன்றவில்லை. சரி, வயதாகிவிட்டது, கணவனுடைய அருமை இப்போதாவது தெரிந்ததே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் மனைவி திடீரென்று மரியாதை கொடுத்தால் பயந்திருப்பான். நான் மாலைக்குக் கழுத்தை நீட்டினேன்.

பிறகு ஒரு மத்தியானம் காய்கறிப் பையோடு வந்து மணி அடித்தேன். டீச்சர் கதவைப் பாதி திறந்து, "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. என்ற ஊட்டுக்காரரு வெளிய போயிருக்காருங்க. அவரு இல்லாதப்ப உள்ள கூப்புட முடியாதுங்க" என்றாள். ஆஹா, நாற்பது வளைவு ஏறி இறங்கின பிறகு டீச்சரும் நகைச்சுவை கற்றுக்கொண்டாள் என்று எனக்கு ஒரே குஷி. விடுவேனா? "செரிங்க அம்மணி, அவரு எப்ப வருவாருங்க? ஆளு எப்புடி இருப்பாரு, நல்ல லட்சணமா இருப்பாரா?" என்று குரலை மாற்றிக் கேட்டேன். "அவரு வாரப்ப வாங்க" என்றாள். "அதுக்குள்ள கத்திரிக்கா வாடிப்போயிருமுங்களே" என்றேன். சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளியபோதுதான் அவள் கையைப் பார்த்தேன். தாழ்ப்பாளைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அவள் விளையாடவில்லை. வாசலில் நின்று தன் புருஷனைப் பற்றிக் கேலியாக விசாரிக்கிற ஒரு முன்பின் தெரியாத ஆளைப் பார்த்துப் பயந்துபோயிருந்தாள். என் வாழ்க்கையில் நான் செய்த வேடிக்கைகளில் யாரும் சிரிக்காதது அது ஒன்றுதான்.

டாக்டர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார். ஞாபகம் புதியதிலிருந்து தொடங்கிக் கழன்று வருகிறது, பழையது கொஞ்ச காலம் நிற்கும் என்றார். முன்பே வந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்றும் சொன்னார். என்னைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னாரோ என்னவோ. திருப்பூரில் இருக்கும் மகள் வந்து ஒரு மாதம் தங்கினாள். "அம்மா, இது அப்பாம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டுபோய் நிறுத்துவாள். டீச்சர் சங்கடத்தோடு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வாங்க" என்பாள். அதற்கு மேல் போனால் அழுவாள். சொந்த வீட்டில் நான் பின்வாசல் வழியாக ஏறி இறங்க வேண்டியதாயிற்று.

எலுமிச்சம்பழம்தான் திரும்ப வழி விட்டது. ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போது மேம்பாலத்து வளைவில் டீச்சருக்குக் குமட்டியது. பழக்க தோஷம், காரில் போகும்போதும் பழம் வைத்திருந்தேன். என் கை தானாகப் பைக்குள் போய் அதை எடுத்து நகத்தால் கீறி நீட்டியது. அவள் வாங்கி முகர்ந்தாள். கண்ணை மூடித் திறந்தாள். என்னை நன்றாகப் பார்த்தாள். "கண்டக்டருங்களா? போன வாரம் உங்களக் காணோமே, லீவுங்களா?" என்றாள். முன்சீட்டில் இருந்த மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான், "ஆமாங்க டீச்சர், லீவுங்க" என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு மறுபடி டூட்டி. பரண் மேலிருந்த காக்கிச் சட்டையை எடுத்தேன். வயிற்றுக்கு மேல் இரண்டு பொத்தான்கள் என்னோடு ஒத்துழைக்க மறுத்துவிட்டன. திறந்தபடியே போட்டுக்கொண்டால் கண்டக்டர் போலவும் இல்லை, போலீஸ் போலவும் இல்லை, இரண்டிலும் தேறாதவன் போல இருந்தது. டீச்சருக்கு அது போதும். ஜன்னலோர சோபாதான் அவள் சீட். நான் நின்றுகொண்டு வளைவு சொல்லுவேன். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுவாள். மாத்திரையை டிக்கெட் மாதிரி நீட்டினால் வாங்கிக்கொள்வாள். அந்நிய மனிதர்களில் அவள் நம்புகிற ஒரே ஆள் கண்டக்டர்தான்.

நம்பிக்கை வளர்ந்ததும் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லத் தொடங்கினாள். முதலில் "என்ற ஊட்டுக்காரரு", "அவரு" என்று மரியாதையாகத்தான் ஓடியது. ஒரு நாள் பேச்சுவாக்கில், "அவனுக்குப் பருப்புல பூண்டு இல்லாட்டி எறங்காதுங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வாய் தவறிப்போச்சுங்க. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க." நான் சொல்லவில்லை. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த 'அவன்' நான்தான். என் 'டா' அங்கே பத்திரமாக இருந்தது. ஆனால் அதைக் கேட்கிற நான் 'நீங்க'. அவளோடு மத்தியானமெல்லாம் பேசிக்கொண்டிருப்பவன் நான், அவள் ஆசையாகக் காத்திருப்பதும் எனக்காக. என் மேல் எனக்கே பொறாமை வந்தது என்று சொன்னால் டிரைவர் அண்ணன் சிரிப்பார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

ஒரு நாள் மழை பெய்துகொண்டிருந்தது. டீச்சர் கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இப்பிடித்தானுங்க ஒரு நா மரம் உழுந்து வண்டி நின்னுச்சு. அப்பத்தான் அவன் கேட்டான், கட்டிக்கறயான்னு. எல்லாருஞ் சிரிச்சாங்க. வெளையாட்டுக்குத்தான் கேட்டானாட்டிருக்குது. நாந்தான் நெசம்னு நெனச்சுப் புடிச்சுக்கிட்டேன். பாவம், அவனால அப்புறம் வேண்டாம்னு சொல்ல முடியலீங்க." இதைப் புகாராகச் சொல்லவில்லை. பஸ்ஸில் யாரோ குடையை மறந்துவிட்டுப் போனதைச் சொல்லுவது போலச் சொன்னாள். எத்தனை வருஷமாக அதை உள்ளே வைத்திருந்தாள் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கல்யாண வீடுகளில் நான் கதை சொல்லி முடித்ததும் அவள் எங்கோ பார்த்தது நினைவுக்கு வந்தது. நான் முட்டி போட்டு அவள் எதிரில் உட்கார்ந்து, "டீச்சர், நாந்தான் அவன். நெசமாத்தான் கேட்டேன்" என்றேன். அவள் முகம் மாறியது. சோபாவின் அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அன்று மாலை மகள் போன் செய்தபோது தாழ்ந்த குரலில், "கண்ணு, இந்தக் கண்டக்டரு நல்ல மனுசருன்னு நெனச்சேன். கலியாணமான பொம்பளகிட்ட கண்டபடி பேசறாரு. டிப்போவுல சொல்லி மாத்தச் சொல்லு" என்றாள். சொந்தப் பெண்டாட்டியிடம் தவறாக நடந்ததாகப் புகார் வாங்கிய கண்டக்டர் இந்த ரூட்டில் நான் ஒருவன்தான். இரண்டு நாள் அவள் என்னிடம் மாத்திரை வாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

அவளே எடுத்தாள். போன மாதம் ஒரு சாயங்காலம். நான் வழக்கம்போல் வளைவு சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்களும் அவனாட்டத்தானுங்களா?" என்றாள். "எப்புடிங்க?" என்றேன். "அவனுக்கு மலையேறுனா ஆகாதுங்க. யாருக்கும் சொல்ல மாட்டான். வாய மூடுனா வாந்தி வந்துரும்னு பேசிக்கிட்டே வருவான். ஊரெல்லாஞ் சிரிக்கும். நாஞ் சிரிப்பேன், பாவமாவும் இருக்கும். டிக்கெட் கிழிக்கறாப்புல திரும்பி நின்னு பழத்த மோந்துக்குவான். எனக்கு ஒண்ணு குடுத்த அன்னைக்கு அவனுக்குப் பழம் இல்லீங்க. அன்னைக்குத்தான் நான் அவனப் பாத்தேன்."

வாய் மூடியிருந்தது, வயிறு புரண்டது. அவள் விரலை மடக்கி எதையோ யோசித்தாள். வகுப்பில் கணக்குப் போடும்போது அவளுக்கு அப்படி ஒரு முகம் உண்டு.

"ஆனாங்க, மரம் உழுந்த அன்னைக்கு வண்டி நின்னுக்கிட்டுத்தான இருந்துச்சு?"

"ஆமாங்க டீச்சர்."

"நின்ன வண்டில அவனுக்கு ஒண்ணும் பண்ணாதே. அப்ப எதுக்குப் பேசோணும்?" நெற்றி சுருங்கி, மெல்ல விரிந்தது. "அப்ப அது நெசமாத்தான் இருக்குமோ? ஏனுங்க, நீங்களும் கண்டக்டருதான. உங்களுக்குத் தெரியாதா? நெசந்தானுங்களா?"

படிக்கட்டில் ஒரு கால் வைத்துக்கொண்டு அன்று கேட்ட அதே குரல். இந்த முறை நான் விசிலைத் தொடவில்லை. "நெசந்தானுங்க" என்றேன். "சத்தியமா நெசந்தானுங்க டீச்சர்."

அவள் சந்தோஷப்பட்டாள். முகம் அப்படியே மலர்ந்தது, நான் பார்த்தேன், இல்லையென்று சொல்ல முடியாது. பிறகு மெல்லத் தலையை ஆட்டினாள். "நீங்க நல்ல மனசோட சொல்றீங்க. ஆனா அத அவன் வாயால கேக்கோணுமுங்க." மடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினாள். "இத அவங்கிட்டக் குடுத்துருங்க. திரும்பி மலை எறங்கறப்ப அவனுக்கு வேணும். எனக்கு எறங்கற எடம் வந்துருச்சு."

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பழம் வாடினால் அதே போல ஒன்று வாங்கி அந்த இடத்தில் வைக்கிறேன். அதில் ஏமாற்று இல்லை என்றுதான் நினைக்கிறேன். தினமும் காலையில் டீச்சர் கேட்கிறாள், இன்றும் கேட்டாள்: "குடுத்துட்டீங்களா?"

"இன்னும் வரலீங்க டீச்சர்."

"வந்துருவானுங்க. எங்கயாச்சும் நாலு பேர நிக்க வெச்சுப் பேசிக்கிட்டிருப்பான்" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள், வீதியில் வருகிறவர்களைப் பார்ப்பதற்கு.